ஆற்றங்கரை ஹோட்டலில் நாலாவது ஆள்

சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் நடுவில் ஆல்பரி என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பாலத்தைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், அந்தப் பக்கம் விக்டோரியா. கொரோனாக் காலத்தில் மட்டும் பொலிஸ் நின்று மறித்தது. மற்றபடி ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். யாரும் இறங்கச் சொல்வதில்லை, பையைத் திறக்கச் சொல்வதில்லை. நான் பழகிய எல்லைகள் வேறு மாதிரியானவை. முதல் தடவை இந்தப் பாலத்தைக் கடந்தபோது, பழக்கதோஷத்தில் லைசென்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

நான் குளிர் வான் ஓட்டுகிறேன். சிட்னியில் மீன், துருவிய தேங்காய், பரோட்டா எல்லாம் உறைந்த பெட்டிகளாக ஏற்றி, மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கத்துக் கடைகளில் இறக்குவது வேலை. ஒரே மூச்சில் ஓடி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதுகு விடாது. அதனால் வழியில் ஆல்பரியில் ஓர் இரவு தங்குவேன். பாலத்துக்கு நடந்து போகிற தூரத்தில், பிரதான வீதியில் இருக்கிறது அந்த ஹோட்டல். பெரிய ஹோட்டல் என்று சொல்ல முடியாது. கட்டிலும் கேத்தலும் சுடுதண்ணீரும் உண்டு, ஜன்னலைத் திறந்தால் ரயில் நிலையம் தெரியும். பின் முற்றத்தில் வான் நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே வெளிச்சுவரில் ஒரு பிளக் இருக்கிறது. வானின் குளிர்ப்பெட்டியை அதில் கொழுவிவிட்டுப் படுக்கலாம். அந்தப் பிளக்குக்காகவே இந்த ஹோட்டலைப் பிடித்துக்கொண்டேன்.

படுக்கிற இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் படிப்பு நின்றதே, பள்ளிக்கூடத்தில் சண்டையால் இடம்பெயர்ந்த சனங்கள் வந்து படுக்கத் தொடங்கியதால்தான். நாங்களும் அங்கேதான் படுத்தோம், என்னுடைய வகுப்பறையிலேயே. பிறகு சென்னையில் ஒரு லொட்ஜின் மொட்டை மாடி, ஒரு படகின் அடித்தட்டு, முகாம், மில்டுராவில் திராட்சை பிடுங்குகிறவர்களோடு ஒரு தகரக் கொட்டகை. ஒரு கோடை முழுக்கக் காரில் படுத்தேன். காரில் படுப்பதில் ஒரே சிக்கல் காலை நீட்ட முடியாது என்பதுதான், மற்றபடி நல்லது. ஒரே வேலையில் இரண்டு வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. இந்த வான் வேலையில் மட்டும் நிலைத்திருக்கிறேன், ஏனென்றால் இருந்த இடத்திலேயே போய்க்கொண்டிருக்கலாம்.

அது ஒரு சனிக்கிழமை காலை. ஹோட்டலின் சாப்பாட்டறையில் டோஸ்டரில் பாண் வாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே தருகிற அவித்த முட்டையும் பீன்ஸும் சப்பென்று இருக்கும். அதற்காக எப்போதும் ஒரு போத்தலில், செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் கொண்டு போவேன். மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அது கட்டைச் சம்பலோ?"

பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். காலை எட்டரைக்கே நகை எல்லாம் போட்டு ஆயத்தமாக இருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர், எதிரில் மகன். மகனுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கலாம். இஸ்திரி போட்ட நீலச் சட்டை.

"ஓம் அக்கா. வேணுமெண்டா எடுங்கோ."

"எடுங்கோ எண்டிட்டியள். இனி போத்தல் உங்களுக்குத் திரும்பக் கிடையாது" என்றார் கணவர்.

அந்த அம்மா என் போத்தலில் பாதியை எடுத்துக்கொண்டார். எந்த ஊர், எப்போது வந்தது, கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?"

"பத்தரைக்கு மேலதான் அக்கா."

"அப்ப ஒரு உதவி செய்யுங்கோ. எங்களோட நாலாவதா இருங்கோ."

விஷயம் இதுதான். அவர்கள் சிட்னியில் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். மெல்பேர்ன் பக்கம் ரோவிலிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய தகப்பனும் பத்து மணிக்கு இந்த ஹோட்டலுக்கு வரப்போகிறார்கள். மகனுக்குப் பேசியிருக்கிற பெண். கன்பராவிலிருந்து தாய்மாமன் வந்து சேர்வதாக இருந்தது, அவர் வரவில்லை.

"என்ர தம்பிக்கு ராத்திரி முழங்கால் வீங்கிப் போச்சு" என்றார் அம்மா.

"முழங்கால் வீங்கினது ராத்திரி. முகம் வீங்கினது போன கிழமை" என்றார் கணவர். "தன்னைக் கேக்காமல் ஹோட்டல் புக் பண்ணிப்போட்டமாம்."

"இப்ப நாங்கள் மூண்டு பேர். மூண்டு பேரா ஒரு நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, தம்பி. உங்களுக்குத் தெரியும்தானே."

"நாங்கள் எங்க போறம்? இருக்கிறம். அவைதானே வரீனம்."

"இருந்தாலும் மூண்டு மூண்டுதான்!"

மகன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் வீட்டில் பார்க்காமல் ஹோட்டலில் என்று கேட்டேன். அது பெண்ணின் ஏற்பாடு என்றார் அம்மா, கொஞ்சம் மனத்தாங்கலோடு. யாரும் இனி வீட்டுக்கு வந்து தன்னைப் பார்க்கக் கூடாது, நீங்கள் பாதி வழி வாருங்கள், நான் பாதி வழி வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"அதில பிழை சொல்லேலாது" என்றார் கணவர். "வந்த ஆக்கள் எல்லாம் றோல்ஸும் வடையும் வயிறு நிறையச் சாப்பிட்டுப்போட்டு, காரில ஏறினாப் பிறகு போனில சாதகம் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனா, அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

நான் இன்னொரு துண்டு பாண் வாட்டப் போனபோது அவரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பாணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பெடியனுக்குத் திக்கும் தம்பி. சின்னனில இருந்து. அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. ரெண்டு பேரும் மெசேஜிலதான் கதைக்கிறவை. இவனுக்கு அவளை நல்லாப் பிடிச்சிருக்கு. மாமன்காரன் நல்லாக் கதைப்பான், அவனை வைச்சுச் சமாளிக்கலாமெண்டு என்ர மனுசி நினைச்சவள். இப்ப நீங்கள்தான்."

ஆக என்னைக் கேட்டது எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. வாய்க்காகவும்தான். மறுத்திருக்கலாம். ஆனால் என்னை யாரும் தங்கள் பக்கத்து ஆளாக ஒரு மேசையில் இருத்தி வெகுகாலமாகியிருந்தது. அறைக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். தகப்பன் சிறிய உருவம், கையில் ஒரு பெட்டி றோல்ஸ். பெண் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வழி முழுக்கத் தானே ஓட்டி வந்திருந்தாள். தாய் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் தகப்பன் என்னைப் பார்த்தார்.

"நீங்கள்?"

"எங்கட சொந்தம்" என்றார் அம்மா.

"என்ன முறை?"

"தாய் வழி" என்றேன். அதற்கு மேல் கேட்காதபடி வீதியைப் பற்றித் தொடங்கினேன். காலைப் பனி, குறுக்கே பாய்கிற கங்காரு, வழியில் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கக்கூஸ் சுத்தம் என்பது வரை சொன்னேன். அந்த வீதியைப் பற்றி எவ்வளவு நேரமும் என்னால் பேச முடியும். தகப்பனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பெண் வீதியைக் கேட்க வரவில்லை. அவள் மகனைத்தான் பார்த்தாள்.

"வேலை எப்பிடிப் போகுது?"

அவன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். அம்மாவின் கண் என் பக்கம் வந்தது.

"இப்ப சரியான வேலை பிள்ளை" என்றேன். "மழை காலமெல்லோ. வழுக்கி விழுகிற சனம் கூட."

"வெளிக்கிட முதல் சாப்பிட்டனீங்களோ?" மறுபடியும் அவனைத்தான் கேட்டாள்.

"பாணும் முட்டையும். இவருக்கு உறைப்பு வேணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. பழகிப்போன ஒரு பார்வை. இப்படியே அவனுக்கு விருப்பமான படம், அவனுடைய நித்திரை, அவனுடைய சமையல் எல்லாவற்றையும் நானே சொன்னேன். எனக்கு அன்றைக்குக் காலையில்தான் அவனைத் தெரியும்.

அப்போது வரவேற்பு மேசையில் நிற்கிற பெண்மணி உள்ளே வந்தார். என்னை வருடக்கணக்காகத் தெரிந்தவர். உன் வானின் பிளக் கழன்றுவிட்டது, சிவப்பு விளக்கு எரிகிறது, மீன் கரையப்போகிறது என்று ஆங்கிலத்தில் பெரிதாகச் சொன்னார். போகிறபோக்கில், வழக்கமாக இந்நேரம் கிளம்பிவிடுவாயே, இன்னொரு இரவு தங்கப் போகிறாயா, அதே அறையைத் தரட்டுமா என்றும் கேட்டார்.

நான் எழும்பி ஓடினேன். மீன் கரைந்தால் வேலை போய்விடும். பிளக்கை அழுத்திக் கொழுவி, பெட்டி மறுபடி இரையத் தொடங்கும் வரை நின்றுவிட்டு வந்தேன். வந்தபோது பெண்ணின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

"வழக்கமாவோ? எல்லாரும் ஒரே காரில வந்தனாங்கள் எண்டு இப்பதானே அம்மா சொன்னவா?"

இனிப் பொய் ஓடாது. நான் உண்மையைச் சொன்னேன். நான் இவர்களுக்குச் சொந்தமில்லை, வான் ஓட்டுகிறவன், இன்று காலை சம்பல் கொடுத்துப் பழக்கம், மூன்று பேராக இருக்கக் கூடாதென்று நாலாவதாக இருந்தேன் என்று.

"ஹோட்டல்ல ஆள் பிடிச்சு சொந்தம் ஆக்கினனீங்களோ?" என்றார் தகப்பன்.

"அப்பிடியில்லை அண்ணை, மூண்டு பேரெண்டா சரியில்லை எண்டுதான்..." என்றார் அம்மா.

"நான் பிள்ளையோட ரெண்டு பேராத்தான் வந்தனான். வழியில ஒருத்தரையும் பிடிக்கேல்லையே!"

பெண் எழும்பவில்லை. கார்ச் சாவியை மேசையில் வைத்து அதன் மேல் கையை வைத்திருந்தாள்.

"அங்கிள், நீங்கள் சொந்தமில்லையெண்டா இவ்வளவு நேரமும் இவரைப் பற்றி ஏன் நீங்கள் சொன்னனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவனிடம் திரும்பினாள். "நீங்கள் ஏன் வாயே திறக்கேல்லை?"

அம்மா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல், எதையாவது சொல் என்கிற பார்வை. தொண்டை நோகிறது என்று சொல்லியிருக்கலாம். கூச்சம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நான் கஷ்டப்படுகிறவன் இல்லை, முகாம்களில் அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவன் பேசத் தொடங்கியிருந்தான். சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. நான் ஒரு றோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"எ... எ... எனக்கு..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடித் திறந்தது.

"தடிமனோ தம்பி, தொண்டை கட்டிப் போச்சோ?" என்றார் பெண்ணின் தகப்பன், பாவம், உதவி செய்கிற மாதிரி.

"அப்பா, பொறுங்கோ" என்றாள் அவள்.

"...தி... திக்கும்" என்றான் அவன். "அதாலதான் ஒ... ஒரு நாளும் போன் கோல் எடுக்கேல்லை. வேலையில தி... திக்கிறதில்லை. மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ. ஒரே வ... வசனம்தானே."

இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அவள் ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை.

"நான் கோல் எடுத்தா எப்பவும் வேலை எண்டது இதுக்கோ?"

"ஓம்."

"நான் நினைச்சன் உங்களுக்கு எங்கயோ இன்னொரு குடும்பம் இருக்கெண்டு."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று சொல்லிக்கொண்டு பெண்ணின் தகப்பன் மறுபடி உட்கார்ந்தார். "அதுதான் முகத்துக்கு நேர கேப்பமெண்டு வந்தனான்."

"இவனுக்கு ஒரு குடும்பத்துக்கே வழியைக் காணேல்லை அண்ணை" என்றார் மகனின் தகப்பன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"திக்கிறது எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். "முந்தி ஒருத்தர் ஒரு விஷயத்தை மறைச்சவர். கல்யாணக் கார்ட் அடிச்சு முடிஞ்சாப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுக்குப் பிறகு ஆரும் ஒண்டை மறைச்சா எனக்குத் தாங்கேலாது. இதை நீங்கள் மெசேஜிலயே எழுதியிருக்கலாம். எழுதேக்க திக்காதுதானே?"

அது அவனுக்குப் பட்டது. முகம் சிவந்துவிட்டது. நல்ல கேள்வி அது.

"நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான் பிள்ளை" என்றார் அம்மா. அதுவரை இருந்த மிடுக்கெல்லாம் குரலில் இல்லை. "வந்த புதிசில பள்ளிக்கூடத்தில இவனைப் போல கதைச்சுக் காட்டிச் சிரிப்பினம். வீட்டை வந்து சாப்பிடாமல் படுத்திடுவான். அப்ப இருந்து கடையிலயும் நான்தான், டொக்டரிட்டையும் நான்தான். இவன் வாய் திறக்க முதல் நான் சொல்லிப்போடுவன். பழகிப் போச்சு."

பெண் சாவியைப் பைக்குள் போட்டாள். பிறகு, "அன்ரி, நீங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருப்பியளோ?" என்றாள்.

நாங்கள் நான்கு பேரும் பின் முற்றத்துக்கு வந்தோம். உட்கார வேறு இடமில்லை. வானின் பின்படியிலும் இரண்டு பால் கூடைகளிலும் இருந்தோம். பெண்ணின் தகப்பன் றோல்ஸ் பெட்டியை மறக்காமல் தூக்கி வந்திருந்தார். என்ன மீன் ஏற்றுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அறக்குளா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் கடைக்கென்று எண்ணி வைத்தது என்றேன். மெல்பேர்னில் அறக்குளா என்று எதை எதையோ விற்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். மகனின் தகப்பன் அதை ஆமோதித்தார். இருவரும் மீனில் ஒத்துப்போனார்கள்.

அம்மா மட்டும் உட்காரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"கதைக்கிறான்" என்றார்.

"என்னவாம்?"

"எனக்கென்ன தெரியும்? வாய் அசையுது."

"அவள்?"

"கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஐயோ, நிண்டிட்டான். நிண்டிட்டானப்பா." கதவுப் பிடியில் அவர் கை போனது.

"விடு" என்றார் கணவர்.

அவர் பிடியை விட்டார். ஆனால் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. உள்ளே மகன் சொல்ல முடியாமல் நிற்கிற சொல்லை வெளியில் நின்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு றோல்ஸை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது அவனுடைய நீலச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அவள்தான் பேசினாள்.

"நான் ஒரு முடிவும் சொல்லேல்லை. மனத்தில இன்னும் கோபம் இருக்கு. ஆனா இனி மெசேஜ் வேண்டாம், கோல் எடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். அவராத்தான் எடுக்கவேணும் அன்ரி. நீங்கள் பக்கத்தில இருக்கக் கூடாது."

"நான் குசினிக்குள்ள போயிடுவன் பிள்ளை" என்றார் அம்மா.

"குசினியில இருந்தும் கேக்கும்" என்றார் கணவர். "நான் இவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

மகனின் தகப்பன் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அம்மா என்னிடம், நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் பிள்ளை இவ்வளவு வேர்த்திருக்க மாட்டான் என்று மட்டும் சொன்னார். குறையாகவும் சொல்லவில்லை, நன்றியாகவும் சொல்லவில்லை. நான் பிளக்கைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து போனேன். கடைக்காரர் நேரம் பிந்தியதற்கு ஏசினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அந்தச் சாப்பாட்டறையில் இருக்கும்போதும், என்ன ஆயிற்றோ என்று நினைப்பேன். எனக்குப் போன் எடுத்துக் கேட்க உரிமை இல்லை. ஒரு காலை உணவுக்கு மட்டும் சொந்தக்காரன் நான்.

குளிர்காலம் முடிகிற நேரம், சிட்னிக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஹலோ என்றேன். சத்தம் இல்லை. விளம்பரக்காரர்கள் என்று வெட்டப் போனேன். அப்போது அந்த மூச்சு கேட்டது. வானை வீதியோரத்து ஓய்விடத்தில் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

"அ... அண்ணை" என்றான். ரோவிலிலிருந்து பேசுவதாகச் சொன்னான். முதல் கிழமை அவளுக்குப் போன் அடித்து அடித்து, அவள் எடுத்ததும் வெட்டிவிடுவானாம். அவள் திரும்ப எடுத்து, நான் சமைக்கிறன், ஸ்பீக்கரில போட்டிருக்கிறன், நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ என்பாளாம். கோபம் தீர அவளுக்கு இரண்டு மாதம் எடுத்ததாம். இப்போதும் சில நாளில் அதைச் சொல்லிக் காட்டுவாளாம். கல்யாணம் முடிவாகிவிட்டது, நீங்கள் வரவேண்டும், இதை அம்மா சொல்லக் கூடாது, நானே சொல்லவேண்டும் என்று எடுத்தேன் என்றான்.

"எப்ப தம்பி?"

கிழமையைச் சொன்னான். திகதியைச் சொன்னான். மாதத்தில் நின்றுவிட்டான். முதல் எழுத்திலேயே அது எந்த மாதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு நுனி வரை வந்தது. பெரிய லொறிகள் கடந்து போனபோது வான் ஆடியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவன் ஒரு தடவை நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மாதத்தை முழுதாகச் சொல்லி முடித்தான்.